வேலையை விடாமல் மருத்துவக் கல்லூரிக்கான முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவில் மாலை வகுப்புகளில் முடிப்பது சாத்தியமா?

கேள்வி – மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் மின்னணுப் பொறியியலில் பி.இ. முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியலில் எம்.எஸ். பட்டம் பெற்று, இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணிபுரிகிறேன். வயது 31. கிரீன் கார்டு கிடைத்துவிட்டது. மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் பன்னிரண்டாம் வகுப்போடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால், மருத்துவமனைகளின் சிகிச்சைத் தரவுகளை அன்றாடம் அலசும் இந்த வேலைக்கு வந்த பிறகு, அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களோடு நேரடியாகப் பணியாற்ற வேண்டும் என்ற விருப்பம் ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வந்திருக்கிறது.

வீட்டுக் கடனும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பணமும் இருப்பதால், முன்தேவைப் பாடங்களை முடிக்கும் வரையிலாவது வேலையை விட இயலாது. எனவே சிலவற்றை அறிந்துகொள்ள விரும்புகிறேன். பி.இ. முதலாண்டில் படித்த பொறியியல் இயற்பியலையும் பொறியியல் வேதியியலையும் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் கணக்கில் கொள்ளுமா? ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் முன்தேவைப் பாடங்களைப் படிக்கும் பெயர் பெற்ற போஸ்ட்பேக் திட்டம் ஒன்றில் சேர வேண்டுமா, அல்லது அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்திலோ கம்யூனிட்டி காலேஜிலோ (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) பாடங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாமா? முழுநேர வேலையோடு ஒரு பருவத்தில் எத்தனை பாடங்கள் எடுப்பது நியாயமானது? ஊக்கமூட்டும் சொற்களை விட, இந்தப் பாதையில் நடந்தவர்கள் தரும் நடைமுறை விவரங்களே எனக்கு இப்போது தேவைப்படுகின்றன.

மறுமொழி 1 – கரிமம்

நான் மென்பொருள் துறையில் இருந்துகொண்டே மாலை வகுப்புகளில் இந்தப் பாடங்களை முடித்து, இப்போது எம்.டி. (இங்கே இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். வேலையையும் படிப்பையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி என்பதுதான் உங்கள் முதன்மைக் கவலையாகத் தெரிகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய சிக்கல் உங்கள் இந்தியப் பட்டம்தான்.

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தின் வழியாகவே விண்ணப்பிக்கிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியலை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. அந்தப் பாடங்களை விண்ணப்பத்தில் குறிப்பிடலாமே தவிர, அவை உங்கள் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி; 'ஏ' என்றால் 4, 'சி' என்றால் 2) கணக்கில் சேரா. உங்கள் எம்.எஸ். பாடங்கள் அமெரிக்கப் பாடங்கள் என்பதால் சேரும், ஆனால் முதுநிலைப் பாடங்களின் ஜிபிஏ தனி வரியில் நிற்கும். சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது இளநிலை ஜிபிஏவையும், அதற்குள் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கின் அறிவியல் ஜிபிஏவையும்தான். பட்டம் பெற்ற பிறகு நீங்கள் எடுக்கும் போஸ்ட்பேக் பாடங்கள் இளநிலைக் கணக்கில் சேர்க்கப்படுவதால், உங்களுடைய இளநிலை ஜிபிஏ முழுவதும் இனி நீங்கள் எடுக்கப்போகும் பத்துப் பன்னிரண்டு பாடங்களின் மேல் மட்டுமே நிற்கும்.

இது நன்மையா தீமையா என்று கேட்டால் இரண்டும்தான். இங்கே இளநிலை படித்து 120 கிரெடிட்டில் (பாட அளவைக் குறிக்கும் அலகு) 3.0 எடுத்த ஒருவர், அதன் பிறகு 40 கிரெடிட்டை முழு 'ஏ' கிரேடுடன் முடித்தாலும் அவருடைய மொத்த ஜிபிஏ 3.25-க்கு மேல் ஏறாது. உங்களுக்கு அந்தப் பழைய சுமை இல்லை. ஆனால் 40 கிரெடிட் மட்டுமே உள்ள உங்கள் கணக்கில், நான்கு கிரெடிட் பாடம் ஒன்றில் 'சி' வந்தால் மற்றவை அனைத்தும் 'ஏ' ஆக இருந்தாலும் 3.8 ஆகிவிடும், இரண்டு 'சி' வந்தால் 3.6. அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.8-ஐ ஒட்டியே இருக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், எத்தனை பாடங்கள் எடுக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும்: எத்தனை பாடங்களில் 'ஏ' வாங்க முடியுமோ அத்தனை மட்டும்.

அடுத்தது, அமெரிக்க இளநிலைப் பட்டம் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாமா என்பது. இதில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுகிறது. சில கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ பெற்ற இளநிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்குகின்றன. சில, 90 செமஸ்டர் கிரெடிட் இங்கே படித்திருந்தால் போதும் என்கின்றன. சில, வெளிநாட்டு இளநிலைப் பட்டத்தோடு ஓராண்டு அளவிலான இங்குள்ள பாடங்களையோ, இங்கே பெற்ற முதுநிலைப் பட்டத்தையோ ஏற்கின்றன. உங்கள் மாநிலத்திலும் பக்கத்து மாநிலங்களிலும் உள்ள கல்லூரிகளில் பதினைந்து இருபதைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் சேர்க்கை அலுவலகத்துக்கும் உங்கள் நிலையை நான்கு வரிகளில் விளக்கி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுத்தில் வரும் பதிலே பிற்பாடு உதவும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் பாடத் தேவைகளும் இருக்கின்றன. அதற்கான ஆண்டுச் சந்தா மிகச் சிறியது. எம்.டி.-க்கு இணையான இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் விண்ணப்பம், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் மதிப்பீடு செய்த வெளிநாட்டுச் சான்றுகளை ஏற்கிறது என்பதால், அந்தப் பட்டியலையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பொறியியல் இயற்பியலும் பொறியியல் வேதியியலும் உதவா. பாடம் படித்திருக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே அவை சான்று. முன்தேவையாக எண்ணப்பட மாட்டா. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகிய நான்கும் ஆய்வகத்தோடு தலா ஓராண்டு, உயிர்வேதியியல் ஒரு பருவம், ஆங்கில எழுத்துப் பயிற்சி, புள்ளியியல், உளவியல், சமூகவியல் என்பதே வழக்கமான பட்டியல். உங்கள் முதுநிலைப் படிப்பில் புள்ளியியல் இருந்திருந்தால் அதைச் சில கல்லூரிகள் ஏற்கக்கூடும்.

காலத்தை நிர்ணயிப்பது வேதியியல்தான். பொது வேதியியலின் இரண்டு பருவங்கள் முடியாமல் கரிம வேதியியலில் அமர விடமாட்டார்கள்; கரிம வேதியியலைக் கடக்காமல் உயிர்வேதியியல் இல்லை. ஆக ஐந்து பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீர வேண்டும். பணத்தாலோ உழைப்பாலோ இதைக் குறுக்க முடிவதில்லை. கோடைக்கால விரைவுப் பாடங்களால் மட்டும் ஓரளவு குறைக்கலாம். ஆனால் பத்து வாரங்களுக்குள் கரிம வேதியியலின் இரு பகுதிகளையும் ஆய்வகத்தோடு முடிக்கும் கோடைத் திட்டத்தை முழுநேர வேலையோடு எடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் எடுக்க வேண்டுமானால் உளவியலையோ, பொறியியல் படித்த உங்களுக்குப் புதிதல்லாத இயற்பியலையோ எடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: 2026 இலையுதிர் பருவத்தில் பொது வேதியியலைத் தொடங்கினால், 2028 வசந்தத்தில் கரிம வேதியியல் முடியும். உயிரியல் இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலுக்கு இணையாக ஓடும். இயற்பியல் 2027 கோடையில். 2028 இலையுதிரில் உயிர்வேதியியல், 2029 வசந்தத்தில் எம்காட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு, அந்த ஜூன் மாதத்தில் விண்ணப்பம், 2030 ஆகஸ்டில் கல்லூரி. எதுவும் தடம் புரளாமல் போனால் இது; ஒரு பாடத்துக்கு மாலைப் பிரிவு அந்தப் பருவத்தில் திறக்கப்படவில்லை என்றால் ஓராண்டு தள்ளிப்போகும்.

திட்டங்களைப் பொறுத்தவரை, பிரின் மார், கவுச்சர் ஆகிய கல்லூரிகளின் போஸ்ட்பேக் திட்டங்கள் சிறப்பான பெயர் பெற்றவை. ஓராண்டிலேயே முடித்து, சில கல்லூரிகளோடு உள்ள இணைப்பு ஏற்பாட்டின் வழியாக இடையில் ஓராண்டு காத்திருப்பையும் தவிர்க்கும் வாய்ப்பு தருபவை. ஆனால் அவை முழுநேரப் பகல் படிப்புகள் என்பதால் உங்களுக்குப் பொருந்தா. வேலை செய்பவர்களுக்கு ஏற்றவை ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் பள்ளியின் மாலை வகுப்புகளும் பெர்க்லி எக்ஸ்டென்ஷனின் திட்டமும். 1955 முதல் நடந்துவரும் கொலம்பியாவின் திட்டத்திலும் பகுதிநேரமாகப் படிக்கலாம், ஆனால் கட்டணம் மிக அதிகம். இந்த நகரங்களில் நீங்கள் இல்லையென்றால், மாலை நேர ஆய்வகப் பிரிவுகள் உள்ள அரசுப் பல்கலைக்கழகமே போதும். திட்டத்தில் சேர்வதால் கிடைக்கும் உண்மையான கூடுதல் நன்மை ஆலோசகரும், கல்லூரியின் ஆலோசனைக் குழு சேர்ந்து எழுதும் பரிந்துரைக் கடிதமும்தான். பாடம் எங்கும் ஒன்றே.

மறுமொழி 2 – நாடித்துடிப்பு

குடும்ப மருத்துவத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் கல்லூரியின் சேர்க்கை நேர்காணல்களிலும் சில ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். மேலே எழுதியவர் பாடங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். பாடங்களுக்கு அப்பால் உள்ளதைச் சொல்கிறேன்.

சகோதரி, ஒரு கிரெடிட்டுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பு நோயாளிகளுக்கு அருகில் சில மாதங்கள் இருந்து பாருங்கள். எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; அழகான காரணம்தான். ஆனால் நேர்காணலில் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர் அடுத்த கேள்வியாக, அந்த மனிதர்களோடு எவ்வளவு நேரம் கழித்திருக்கிறீர்கள் என்று கேட்பார். தொழில் மாறி வருபவர்களிடம் அறிவைப் பற்றி நாங்கள் ஐயப்படுவதில்லை. பழைய வேலை அலுத்துப்போய் வருகிறாரா, இந்த வேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறாரா என்பதைத்தான் நேர்காணல் முழுவதும் தேடுகிறோம். மலம், சீழ், கோபத்தில் கத்தும் உறவினர், கணினித் திரையில் மணிக்கணக்காக நிரப்ப வேண்டிய குறிப்புகள் ஆகியவற்றைப் பார்த்த பிறகும் வர விரும்புகிறீர்களா என்பதற்கு உங்களிடமே முதலில் விடை இருக்க வேண்டும்.

வேலை செய்பவருக்கு இதற்கான வழிகள் உண்டு. இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகள் தன்னார்வலர்களை வார இறுதிகளில் ஏற்கின்றன. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து பேசுவதே அங்கே வேலை. அவசர மருத்துவ உதவியாளருக்கான இ.எம்.டி. பயிற்சியை மாலை வகுப்பாகவே முடித்து, வாரம் ஒரு இரவு ஆம்புலன்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் பேசுவதைக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையிலும் அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு, வார இறுதி முறைகள் கிடைக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் என்றாலும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்ததாக விண்ணப்பத்தில் இருப்பது, கடைசி ஆறு மாதங்களில் அவசரமாகச் சேர்த்த நூற்றுக்கணக்கான மணி நேரத்தை விட எங்கள் கண்ணுக்கு நம்பகமாகத் தெரிகிறது. பகுதிநேரமாகப் படிப்பவருக்கு இருக்கும் பெரிய அனுகூலமே இந்த நீண்ட காலம்தான். பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை.

இப்படிப் பார்த்த பிறகு, மருத்துவராகத்தான் வேண்டும் என்பதில்லை, நோயாளிகளோடு பணியாற்றினால் போதும் என்று தோன்றினால் அதில் குறைவு ஒன்றுமில்லை. பி.ஏ. எனப்படும் மருத்துவரின் துணை வல்லுநர் படிப்பு இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முடிகிறது, பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சி கட்டாயமில்லை. ஆனால் அதற்கு முன்தேவைப் பட்டியல் வேறு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவை வேண்டும். பல கல்லூரிகள் கரிம வேதியியலைக் கேட்பதில்லை. நோயாளிகளோடு நேரடியாகப் பணிபுரிந்த நேரத்தையும் பெரிதாக எதிர்பார்க்கிறார்கள். எனவே இரண்டில் எது என்ற முடிவை முதல் ஆண்டுக்குள் எடுத்துவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்மையில் நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, முழுச் செலவுக்கும் கடன் தந்துவந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. தொழிற்படிப்பு மாணவர்களுக்கு அரசுக் கடன் இனி ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுகளுக்கான மொத்தச் செலவு, வாழ்க்கைச் செலவையும் சேர்த்து, 3,00,000 டாலரைத் தாண்டுவது இயல்பு. இடைவெளியைத் தனியார் கடனாலோ சேமிப்பாலோ நிரப்ப வேண்டும். ஆகவே நீங்கள் வேலையை விடாமல் படிக்க நினைப்பது சரியான முடிவு; அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவக் கல்லூரிக்கென்று இப்போதே ஒதுக்கத் தொடங்குங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018 முதலும் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரி 2024 முதலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. அதை நம்பி வரவு செலவுத் திட்டம் போட முடியாது. பின்தங்கிய பகுதிகளில் பணியாற்ற ஒப்புக்கொள்வோருக்கு அரசு தரும் தேசிய சுகாதார சேவைப் படையின் உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டுமே. கிரீன் கார்டு போதாது. உங்கள் குடியுரிமைத் தகுதி எந்த ஆண்டில் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் வீட்டில் கேட்பார்கள். 2030-இல் சேர்ந்தால் 2034-இல் பட்டம். குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றுக்கு ரெசிடென்சி மூன்று ஆண்டுகள். நரம்பியல் அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு ஏழு. ரெசிடென்சியில் வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்பது 2003 முதல் உள்ள விதி. நாற்பதை ஒட்டிய வயதில் இரவுப் பணிக்கு உடல் ஈடுகொடுக்கும். எங்களோடு படித்தவர்களில் அப்படிப் பலர் இருந்தார்கள். குழந்தைப்பேறு, பெற்றோரின் முதுமை ஆகியவற்றை இந்த அட்டவணையின் எந்த இடத்தில் பொருத்துவது என்பதை வீட்டாரோடு மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

மறுமொழி 3 – இரண்டாம்ஆட்டம்

கரிமம் அவர்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். 'ஏ' வாங்க முடிகிற அளவுக்கு மட்டும் பாடம் எடுங்கள் என்பது முதல் ஆண்டுக்குச் சரி. ஆனால் மூன்று ஆண்டுகளும் பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் என்று போனால், மருத்துவக் கல்லூரியின் பாடச் சுமையை இவரால் தாங்க முடியுமா என்ற கேள்வி சேர்க்கைக் குழுவில் எழுகிறது. என்னிடம் ஒரு நேர்காணலில் நேராகவே கேட்டார்கள். முழுநேர வேலை செய்தேன் என்பது நல்ல விடைதான், ஆனால் குறைந்தது ஒரு பருவத்திலாவது ஆய்வகத்தோடு கூடிய இரண்டு அறிவியல் பாடங்களை ஒன்றாக எடுத்து நல்ல கிரேடு காட்டியிருந்தால் அந்த விடை இன்னும் வலுவாக நிற்கும். ஆய்வகத்தோடு ஒரு பாடம் என்றால் வகுப்பு, ஆய்வகம், வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்ந்து வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் கேட்கும். இரண்டு என்றால் முப்பது. ஆகையால் அந்த ஒரு பருவத்தை முன்கூட்டியே குறித்து, அலுவலகத்தில் பணி குறைவாக இருக்கும் மாதங்களாகப் பார்த்து, சேர்த்து வைத்த விடுப்பையும் அதற்கே பயன்படுத்துங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் பற்றி: மாலைப் பிரிவுகள் அதிகம், கட்டணம் குறைவு, வகுப்பில் கூட்டமில்லை, பேராசிரியர் உங்கள் பெயரைத் தெரிந்து வைத்திருப்பார். பல அரசு மருத்துவக் கல்லூரிகள் அந்தக் கிரெடிட்டை ஏற்கின்றன. ஆனாலும் வேறு எந்த இளநிலை ஜிபிஏவும் இல்லாத உங்கள் நிலையில், எல்லாப் பாடங்களையும் அங்கேயே முடிப்பது ஆபத்து. பொது வேதியியல், இயற்பியல், உளவியல் ஆகியவற்றை அங்கே எடுத்து, கரிம வேதியியல், உயிர்வேதியியல், உயிரியலின் மேல்நிலைப் பாடம் ஒன்று ஆகியவற்றை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் எடுப்பது நடுநிலையான வழி. ஆய்வகத்தை மட்டும் இணையவழியில் எடுக்காதீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்திய விதியைப் பல கல்லூரிகள் திரும்பப் பெற்றுவிட்டன.

கட்டணத்துக்கு இரண்டு வழிகள். வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரி கிடையாது. உங்கள் நிறுவனத்தில் அந்தத் திட்டம் இருக்கிறதா, வேலைக்குத் தொடர்பில்லாத பாடங்களுக்கும் தருவார்களா, வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் மனிதவளத் துறையின் கொள்கை ஆவணத்தைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அடுத்து, பட்டத் திட்டத்தில் சேராமல் முன்தேவைப் பாடம் மட்டும் படிப்பவருக்கும் அரசுக் கடன் உண்டு, ஆனால் தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு மட்டும், அதுவும் குறைந்தது அரைநேர மாணவராக, அதாவது வழக்கமாக ஆறு கிரெடிட் எடுத்தால்தான். ஒரு பாடம் மட்டும் எடுக்கும் பருவத்தில் அந்தக் கடிகாரத்தைத் தொடங்கிவிடாதீர்கள். சுமை அதிகமுள்ள ஆண்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பழக்கத்தில், பருவம் முழுதும் சும்மா இருந்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரம் பழைய வினாத்தாள்களைப் புரட்டித் தப்பித்தவர்கள் நாம். இங்கே வாரந்தோறும் சிறுதேர்வு, ஆய்வக அறிக்கை, இரண்டு மூன்று இடைத்தேர்வு என்று மதிப்பெண் சிதறிக் கிடக்கும். மூன்றாம் வாரத்தில் விட்டதை இறுதித் தேர்வில் பிடிக்க முடியாது. கரிம வேதியியல் மனப்பாடப் பாடம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதை அம்புக்குறி போட்டுத் தினமும் கையால் வரைந்து பழகினால் அது சதுரங்கம் போல விளங்கத் தொடங்கும். பட்டியலாக மனப்பாடம் செய்பவர் இரண்டாம் பருவத்தில் சரிவார்.

மறுமொழி 4 – வழிப்போக்கன்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு எச்-1பி விசாதான் இருக்கிறது. இதே வழியில் நானும் தொடங்கலாமா?

மறுமொழி 5 – கரிமம்

வழிப்போக்கன் அவர்களுக்கு: எச்-1பி வேலையை முறையாகத் தொடரும் வரை, கூடவே மாலையில் படிப்பதற்குத் தடையில்லை. தடை அடுத்த கட்டத்தில் வருகிறது. குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே ஏற்கும் மருத்துவக் கல்லூரிகள் ஏராளம். வெளிநாட்டு மாணவரை ஏற்கும் கல்லூரிகளிலும் அரசுக் கடன் கிடையாது என்பதால், செலவுக்கான பணத்தை முன்பே காட்டச் சொல்வதும் உண்டு. பாடங்களை இப்போதே தொடங்கலாம்தான், ஆனால் சில கல்லூரிகள் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்தேவைப் பாடங்களை ஏற்பதில்லை. உங்கள் கிரீன் கார்டு வரிசையின் நிலையைப் பார்த்துத் தொடங்கும் ஆண்டை முடிவு செய்யுங்கள்.

பாடச் சுமையைப் பற்றி இரண்டாம்ஆட்டம் சொன்னதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: இரண்டு பாடங்கள் எடுக்கும் அந்தப் பருவம் இரண்டாம் ஆண்டுக்கு முன்பு வேண்டாம்.

மறுமொழி 6 – மாலைவகுப்பு

அனைவருக்கும் நன்றி. வெளிநாட்டுப் பட்டத்தைப் பற்றிய விவரத்தை இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இந்த வாரமே கல்லூரிகளுக்கு எழுதப்போகிறேன். ஹாஸ்பிஸ் தன்னார்வப் பணிக்கும் விண்ணப்பிக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். எம்காட் தேர்வுக்கு வேலையிலிருந்து எவ்வளவு விடுப்பு தேவைப்படும்? மாலை வகுப்பில் வந்து உடனே வீடு திரும்பும் மாணவிக்குப் பேராசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதுவார்களா?

மறுமொழி 7 – கரிமம்

எம்காட் நான்கு பகுதிகள், 230 கேள்விகள், இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472 முதல் 528 வரை; எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 512-ஐ ஒட்டி இருக்கிறது. வேலை செய்பவர்கள் ஐந்தாறு மாதங்களாகப் பரப்பிப் படிப்பதே இயல்பு. உயிர்வேதியியல் முடிந்த டிசம்பரில் தொடங்கினால், வேறு பாடம் எதுவும் எடுக்காமல் மே மாதம் எழுதலாம். ஒரு மாதத்தில் மதிப்பெண் வந்துவிடும் என்பதால் ஜூன் மாத விண்ணப்பத்துக்கும் தாமதமாகாது. கடைசி மூன்று வாரங்களாவது விடுப்பு எடுங்கள். மாதிரித் தேர்வை, உண்மைத் தேர்வு தொடங்கும் அதே காலை நேரத்தில், முழு நீளத்துக்கும் உட்கார்ந்து எழுதிப் பழகுவதற்கே அந்த விடுப்பு. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதில்லை. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் உண்டு, எழுதிய எல்லா மதிப்பெண்களையும் கல்லூரிகள் பார்க்கும்.

பொறியியல் பின்னணி உள்ளவர்களை எம்காட்டில் இடறச் செய்வது இயற்பியலோ வேதியியலோ அல்ல, சி.ஏ.ஆர்.எஸ். எனப்படும் வாசிப்புப் பகுதிதான். தத்துவம், கலை வரலாறு, சமூகவியல் என்று எதிலிருந்தும் ஒரு பத்தியைத் தந்து, ஆசிரியரின் நிலைப்பாட்டைக் கேட்பார்கள். இதை மூன்று மாதங்களில் வளர்க்க முடியாது. இப்போதிருந்தே, அலுவலகத்துக்குப் போகும் வழியிலாவது, உங்கள் துறைக்கு அப்பாற்பட்ட கனமான ஆங்கிலக் கட்டுரைகளை நாளுக்கு ஒன்றாகப் படித்து வாருங்கள்.

கடிதங்களைப் பற்றி: அறிவியல் பேராசிரியர் இருவரும் அறிவியல் அல்லாத ஒருவரும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. மாலை வகுப்புகளில் பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியர்கள் இருப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் அதே கல்லூரியில் இருப்பார் என்பது உறுதியில்லை. எனவே நல்ல கிரேடு வந்த பருவத்தின் முடிவிலேயே கடிதம் கேட்டு, கடிதங்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை ஒன்றில் அதைப் பத்திரப்படுத்திவிடுங்கள். அதற்கு முன்பு, சந்திப்பு நேரத்துக்கு வர முடியாத நிலையை முதல் வாரத்திலேயே சொல்லி, இணையவழியில் பேச நேரம் கேளுங்கள். நான் கேட்ட ஆசிரியர்களில் ஒருவரும் மறுக்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் வாகனத்தில் அமர்ந்தபடி பேசிய அந்தப் பதினைந்து நிமிடங்களைத்தான் ஒருவர் தம் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார்.

இன்னொன்று, பட்டத் திட்டத்தில் சேராத மாணவர்களுக்குப் பாடப் பதிவு கடைசியில்தான் திறக்கும். மாலை ஆய்வகப் பிரிவில் இருபத்துச் சொச்சம் இடங்கள்தான் இருக்கும். பதிவு திறக்கும் நாளையும் நேரத்தையும் பல்கலைக்கழகத்தில் கேட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் சேர்ந்துகொண்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் சிலர் விலகுவார்கள்.